பார்த்தும் கடக்கவிட்ட வரி

என் மச்சினன் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் ஒரு பிழை இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகு, சரி என்று ஒப்புதல் கொடுத்தேன். அதனால் அவன் அந்த வேலையை விட்டுப் போனான். அந்த வேலைக்குத் தான் லாயக்கில்லை என்று நம்பிக்கொண்டு போனான். பல வருடம் அப்படி நம்பவிட்டவன் நான்தான். காரணம் பொறாமை. வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

அவன் என் மனைவிக்கு ஒரே தம்பி, என்னைவிடப் பத்து வயது சிறியவன். நாங்கள் மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். அவன் பெங்களூரில் இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஊருக்குத் திரும்பி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி வீடு எடுத்தான். காக்கநாட்டில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அவனைச் சேர்த்துவிட்டதும் நான்தான். சிறிய அலுவலகம். கேமராக்களுக்கான சிப் செய்யும் ஒரு கம்பெனிக்கு நாங்கள் கம்பைலர் எழுதிக்கொடுத்தோம்.

கம்பைலர் என்றால், மனிதர் எழுதும் நிரலை சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். அது நிரலைப் பல சுற்று படிக்கும். ஒரு சுற்றை பாஸ் என்போம். சில பாஸ்கள் நிரலைச் சரிபார்க்கும், சில அதை வேகமாக்கும். என் பொறுப்பில் இருந்தது வேகமாக்கும் பாஸ்களில் ஒன்று. ஒவ்வொரு எண்ணாக எடுத்துக் கணக்குப் போடும் சுழற்சியைக் கண்டுபிடித்து, பதினாறு எண்களை ஒரே நேரத்தில் போடும்படி அதை மாற்றவேண்டும். பதினாறு எண்களைச் சேர்த்து வைக்கும் அமைப்புக்கு வெக்டர் டைப் என்று பெயர். அந்தப் பதினாறின் மேலும் ஒரே அடியில் வேலை செய்யும் கட்டளைகள் சிப்பிலேயே தயாராக இருக்கும். அவற்றைக் கூப்பிட நாங்கள் பயன்படுத்தும் பெயர்களை பில்டின் என்போம்.

நான் இரண்டு வருடம் அந்த பாஸோடு மல்லுக்கட்டினேன். எந்த மாதிரி சுழற்சிக்கு எந்த பில்டின் என்று ஒரு பெரிய அட்டவணையை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். முதல் சிப்புக்கு அது ஓடியது. இரண்டாவது சிப் வந்தபோது அட்டவணையில் பாதி பொய்யாயிற்று. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, கடைசியில் எந்த ஒட்டு எதற்கு என்று எனக்கே தெரியாத நிலை.

மச்சினன் சேர்ந்த சில வாரங்களில் அந்த அட்டவணையைத் தூக்கிவிட்டான். அவன் செய்தது இவ்வளவுதான். சுழற்சியில் ஒரு கணக்கைப் பார்த்ததும் அதற்கான வெக்டர் டைப்பை அங்கேயே உருவாக்குவது. பிறகு சிப்பைப் பற்றிய பகுதியிடம், இந்தக் கணக்கு, இந்த டைப், உன்னிடம் பில்டின் உண்டா என்று கேட்பது. உண்டு என்றால் அதைக் கூப்பிடுவது, இல்லை என்றால் சுழற்சியை அப்படியே விட்டுவிடுவது. எந்தச் சிப் வந்தாலும் பாஸில் கை வைக்கவேண்டாம். படித்துப் பார்த்தபோது, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்ற கேள்விதான் வந்தது. அந்தக் கேள்வி அன்று முழுவதும் போகவில்லை. படகில் வீடு திரும்பும்போதும் கூடவே வந்தது.

அந்த வருட விஷுப் பண்டிகைக்கு அவன் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தான். என் மனைவி, அலுவலகத்தில் நீ அப்படி என்னதான் செய்தாய், எல்லாரும் புகழ்கிறார்களாமே என்று கேட்டாள். அவன் எழுந்து சமையலறைக்குப் போய் இட்லித் தட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான்.

“அக்கா, நீ ஒவ்வொரு இட்லியா தனித்தனியா வேக வெப்பியோ? மாட்டே. தட்டு நெறைய விட்டு ஒரே ஆவில எடுப்பே. அதாக்கும் வெக்டர். ஆனா ஒன் தட்டு இந்தக் குக்கருக்குள்ளே போகுமான்னு மொதல்ல பாக்கணும் இல்லியோ? அத்திம்பேர், குக்கரோட அளவெல்லாம் செவத்துல எழுதி வெச்சுண்டிருந்தார். நான் குக்கர்கிட்டயே கேட்டுட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி, “இத்தனை நாள் இவர் சொன்னது ஒண்ணும் மனசிலாகல்லே, இப்பத்தான் ஆச்சு” என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். இரண்டு வருடம் தினமும் சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே அவளிடம் என் வேலையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவள் உம் கொட்டிக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு எனக்குள் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு ஓடியது. அப்பளத்தை முதலில் யாருக்குப் போடுகிறாள். மேலாளர் சந்தேகம் கேட்க யார் மேசைக்குப் போகிறார். அவன் சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்வான். அந்தச் சீட்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எனக்கு எப்போதும் தெரிந்திருக்கும். அவன் மலையாளம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும், அதுவும் உறுத்தியது. கையேடுகளை நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிப் படிப்பான். நிமிர்ந்து உட்கார்ந்து படித்த எனக்கு வராதது அவனுக்கு எப்படி வருகிறது என்று நினைப்பேன். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி நினைத்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் யார் எழுதிய நிரலையும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தராமல் சேர்க்க முடியாது. அந்த பாஸ் இப்போது அவன் பொறுப்பு, அதற்கு ஒப்புதல் தரவேண்டியவன் நான். எதையும் முதல் சுற்றில் விடமாட்டேன் என்று எனக்குப் பெயர். எனக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பட்டம் கஸ்டம்ஸ். வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் சரக்கு கிடப்பதுபோல என்னிடம் நிரல் கிடக்கும் என்பது அவர்கள் கேலி. ஏதாவது அனுப்பிவிட்டு, “கஸ்டம்ஸ் கடந்நோ சேட்டா?” என்று எட்டிப் பார்ப்பார்கள். மச்சினன் அனுப்பியவற்றை நான் இன்னும் கூடுதலாகக் குடைந்தேன். மாறிகளின் பெயர், இடைவெளி, குறிப்பு வாக்கியத்தின் முற்றுப்புள்ளி வரை. அவன் கோபித்துக்கொண்டதே இல்லை. அத்திம்பேர் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் பார்க்கவேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்வானாம்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு வலது கண்ணில் புரை அறுவை நடந்தது. ஒரு மாதம் சொட்டு மருந்து விடவேண்டும். என் மனைவிக்குக் கை நடுங்கும். அதனால் தினமும் காலையில் மச்சினன் வந்து விட்டுப்போனான். இமையைப் பிடித்துக்கொண்டு, மேலே பாருங்கோ, என்பான். ஒரு சொட்டுக்கூட கன்னத்தில் வழியாது. பிறகு, அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிண்டு இருங்கோ, என்று சொல்லிவிட்டு அக்காவிடம் சாயா வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் பேசிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில்தான் அவன் அடுத்த பகுதியை அனுப்பினான். இரண்டு எண்களின் சராசரி எடுக்கும் சுழற்சிகளை வேகமாக்கும் பகுதி. படங்களைக் கையாளும் நிரல்களில் இந்தச் சராசரி அடிக்கடி வரும். எங்கள் சிப்பில் அதற்கு ஒரு பில்டின் இருந்தது. ஆனால் அது குறியில்லாத எண்களுக்கு மட்டும், அதாவது பூஜ்யமும் அதற்கு மேலும்.

நான் வீட்டில் இருந்தேன். மதியம். வெளியே லாரியிலிருந்து மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். புதுக்கண்ணில் எழுத்துகள் அச்சில் வார்த்ததுபோலத் தெரிந்தன. பல வருடங்களில் நான் அவ்வளவு தெளிவாக எதையும் படித்ததில்லை. நடுவில் ஒரு வரியில் நின்றேன். வெக்டர் டைப்பை உருவாக்கும் வரி. அதை அந்த எண்ணின் வகையிலிருந்து, குறி உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து, உருவாக்கவேண்டும். அவன் எண்ணின் அகலத்தை, அதாவது அது எத்தனை பிட் என்பதை, மட்டும் எடுத்து உருவாக்கியிருந்தான். அகலத்தை மட்டும் சொன்னால், கிடைப்பது எப்போதும் குறியில்லாத வெக்டர். கழித்தல் எண்கள் வரும் சுழற்சிக்கும் அதுவே கிடைக்கும். சிப்பிடம் கேட்டால், குறியில்லாததுதானே, உண்டு என்று சொல்லிவிடும். சரியான டைப்பைக் கொடுத்துக் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கும். பாஸ் அந்தச் சுழற்சியைத் தொடாமல் விட்டிருக்கும்.

தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் கூட்டல் எண்கள் என்றால் விடை சரி. இரண்டும் கழித்தல் என்றாலும், வேடிக்கையாக, சரியாகவே வந்தது. நிரல் சரியா என்று ஓட்டிப் பார்க்க அவன் எழுதியிருந்த டெஸ்டுகளில் இந்த இரண்டும் இருந்தன, இரண்டும் தேறியிருந்தன. ஒன்று கழித்தலும் ஒன்று கூட்டலுமாக இருந்தால்தான் தவறும். கழித்தல் இரண்டுக்கும் நான்குக்கும் சராசரி ஒன்று என்று வரவேண்டும். கழித்தல் நூற்றிருபத்தேழு என்று வந்தது. அந்தக் கலவைக்கு அவன் டெஸ்டு எழுதவில்லை.

ஒரே ஒரு வரி. இந்த டைப்பை எண்ணின் வகையிலிருந்து உருவாக்கு, கலவைக்கு ஒரு டெஸ்டு சேர், என்று தட்டச்சு செய்தேன். அனுப்பியிருந்தால் பத்து நிமிடத்தில் அவன் திருத்தியிருப்பான், நன்றி சொல்லியிருப்பான், சாயங்காலம் அக்காவிடம் அத்திம்பேர் கண்ணைப் பற்றி ஒரு தமாஷ் சொல்லியிருப்பான். எழுதியதை அழித்தேன். இதையும் அவன் கண்டுபிடிக்கட்டும், அவ்வளவு கெட்டிக்காரனாயிற்றே என்று நினைத்தேன். முதல் சுற்றிலேயே, ஒரு முற்றுப்புள்ளியைக்கூடக் குறை சொல்லாமல், ஒப்புதல் கொடுத்தேன். கஸ்டம்ஸ் முதல்முறையாகத் திறந்துவிட்டது என்று மச்சினன் அலுவலகத்தில் அன்று எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தானாம்.

சில மாதங்களுக்குப் பிறகு, இறால் பதப்படுத்தும் ஒரு கூடத்திலிருந்து சிப் கம்பெனிக்குப் புகார் போயிற்று. அங்கே கேமரா வைத்து, கரும்புள்ளி விழுந்த இறாலைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் இருந்தது. புதிய கம்பைலரில் தயாரான மென்பொருளைப் போட்டதிலிருந்து, புள்ளி விழுந்தவை நல்லவற்றோடு கலந்து போயின. முதலில் விளக்கைச் சந்தேகித்தார்கள், பிறகு கேமராவை. கடைசியில் மச்சினன்தான் கண்டுபிடித்தான். அந்த நிரல், படத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தைச் சராசரி எடுக்கும். கரும்புள்ளியின் விளிம்பில் ஒரு பக்கம் கழித்தல், மறுபக்கம் கூட்டல். சரியாக அந்த இடத்தில் ஒரு பெரிய தப்பு எண் வரும். ஈர இறாலின் பளபளப்புதான் இப்படிப் பெரிய எண்ணாக வரும் என்று மென்பொருள் அதைத் தள்ளிவிடும். புள்ளியும் அதோடு போய்விடும்.

கூட்டத்தில் அவன் எழுந்து, இது என் வரி, என் தப்பு என்றான். நீங்கள் பார்க்கவில்லையா என்று மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

“சேட்டன் கண்டில்லே?”

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் சொன்னான், அத்திம்பேருக்கு அப்போது கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மருந்து விட்டால் மங்கலாக இருக்கும், தினமும் விட்டது நான்தான், அவரை ஒன்றும் சொல்லவேண்டாம் என்று. எல்லாரும் என் கண்ணைப் பார்த்தார்கள். நான், கண்ணில் படவில்லை என்றேன்.

பாஸை அவனிடமிருந்து எடுத்து மறுபடி என்னிடம் கொடுத்தார்கள். அந்த ஒரு வரியை நான் திருத்தினேன். அவனை டெஸ்டுகளை ஓட்டிப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து சீட்டி கேட்கவில்லை. எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாகவும் எதையும் அனுப்பவே பயமாக இருப்பதாகவும் அக்காவிடம் சொன்னானாம். அரை வருடத்தில் விலகி, பஜார் ரோட்டில் ஒரு சுக்கு வியாபாரியின் கிடங்கில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தான். மூட்டைகளுக்கு லேபிள் அச்சடிப்பது, பில் போடுவது. நான் ஓய்வு பெறும்வரை அவன் எழுதிய பாஸைத்தான் பராமரித்தேன். ஒவ்வொரு நாளும் அதைப் படிக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அது நன்றாக எழுதப்பட்டிருந்தது. அவனை அனுப்பிய பிறகும் பொறாமை போகவில்லை.

போன வருடம் இடது கண்ணுக்கு அறுவை. மறுபடியும் காலையில் அவனே மருந்துவிட வந்தான். தலை நரைத்திருந்தது, கை மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் இமையைப் பிடித்துக்கொண்டே, மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொன்னான்.

“அன்னைக்கு அந்தக் கண்ணு நன்னா இருந்திருந்தா நீங்க பிடிச்சிருப்பேள், அத்திம்பேர்.”

சொட்டு விழுந்தது. நான் மேலே பார்த்தபடியே, “பிடிச்சேன்டா” என்றேன்.

அவன் மருந்துப் புட்டியின் மூடியைத் திருகுவது கேட்டது.

“எப்போ?”

“அன்னைக்கே. ஒப்புதல் குடுக்கறதுக்கு முன்னாலயே. எழுதினேன், அழிச்சேன். ஒன்மேல பொறாமை.”

புட்டியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“ரெண்டும் கலந்து வர்ற டெஸ்டு ஒண்ணு பாதி எழுதி வெச்சிருந்தேன், தெரியுமோ. நீங்க மொதல் தடவையே விட்டுட்டேள். அத்திம்பேரே விட்டாச்சு, இனி என்ன டெஸ்டுன்னு அதை முடிக்கல்லே. பின்னே இத்தனை வருஷமா நான் என்னைத்தான் சந்தேகப்பட்டுண்டிருந்தேன்.” நிறுத்தினான். “அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிண்டு இருங்கோ.”

மூடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது அவன் போயிருந்தான். அவனுக்காகப் போட்ட சாயா மேசைமேல் ஆடை கட்டியிருந்தது.

மனைவியிடம் அன்றே சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. “அவன் ஒங்களுக்கு மருந்து விட்டுண்டிருந்த மாசமாக்கும் அது” என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து மருந்தை அவளே விட்டாள். பாதி கன்னத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்கு அவள் தனியாகப் போய்வர ஆரம்பித்தாள்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். முகவரி கிடைத்தவர்களுக்கெல்லாம் நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பிழையை நான் முன்பே பார்த்தேன், அவனை மாட்டிவிடவே ஒப்புதல் கொடுத்தேன், கண்ணில் படவில்லை என்றது பொய். ஒருவர் கட்டைவிரல் படம் அனுப்பினார். மேலாளர் தொலைபேசியில் அழைத்து, அதொக்கெ பழைய கதையல்லே சேட்டா, என்று ஆறுதல் சொன்னார். அந்த பாஸையே அவர்கள் தூக்கிவிட்டார்களாம். புதிய சிப்பில் குறியுள்ள எண்களுக்கும் சராசரி பில்டின் வந்துவிட்டதாம். என் உண்மைக்கு அங்கே வேலையே இல்லை. வந்த பதில்களை மச்சினனுக்கு அனுப்பினேன். நீ நல்ல வேலைக்காரன், இதை நீ மறுபடி செய்யவேண்டும், என்று அடியில் எழுதியிருந்தேன். அவன் பதில் போடவில்லை. வீட்டுக்கும் வரவில்லை.

உலகில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய, எல்லாரும் படிக்கக்கூடிய கம்பைலர்கள் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அப்படி ஒன்றுக்கு வரும் திருத்தங்களின் பட்டியலைக் காலையில் படிப்பது என் பழக்கம். இந்த வருடம் மழை தொடங்கிய சமயம், ஒரு திருத்தத்தின் தலையில் அவன் பெயரைப் பார்த்தேன். அதே சராசரி. வெக்டர் டைப்பை எண்ணின் வகையிலிருந்து உருவாக்கியிருந்தான். கூட்டலுக்கு டெஸ்டு, கழித்தலுக்கு டெஸ்டு, இரண்டும் கலந்ததற்கு டெஸ்டு. சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறான் என்ற அந்தப் பழைய எரிச்சல்தான், எழுபது வயதிலும். அதோடுதான் படித்தேன். குறை தேடித்தான் படித்தேன். கிடைத்தது. சிப் இல்லை என்று சொன்னாலும், நிரலின் ஒரு கிளையில் அவன் அந்தப் பதிலைச் சோதிக்காமலே பில்டினைக் கூப்பிட்டிருந்தான்.

இந்த முறை எழுதியதை அழிக்கவில்லை. என் பெயரிலேயே, எல்லாரும் பார்க்கும் இடத்தில், எந்த வரி, ஏன் தவறு, எந்த டெஸ்டு அதைக் காட்டும் என்று எழுதினேன். அன்று மாலையே பதில் வந்தது. சரிதான், மாற்றிவிட்டேன், டெஸ்டும் சேர்த்திருக்கிறேன். அத்திம்பேர் இல்லை, வேறு எந்த விளிப்பும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் நிறைய அனுப்புகிறான். சுக்குக் கிடங்கு வேலையைக் குறைத்துக்கொண்டுவிட்டதாக என் மனைவி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாட்டர் மெட்ரோ படகுத்துறையில் எதிரில் பார்த்தால் தலையாட்டுவான், நிற்கமாட்டான். அவன் அனுப்புவது ஒவ்வொன்றையும் நான் படிக்கிறேன், பார்த்ததை எழுதுகிறேன், குறையில்லாவிட்டால் சரி என்கிறேன். என் சரியை மட்டும் வைத்துக்கொண்டு அவன் எதையும் சேர்ப்பதில்லை. முகம் தெரியாத இன்னொருவர் எங்கிருந்தோ அதைப் படித்துச் சரி சொல்லும்வரை காத்திருக்கிறான். சில சமயம் ஒரு வாரம் ஆகிறது. நானும் தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன், வந்துவிட்டதா என்று.